ஜெயிலைத் தனியாரிடம் விட்டுவிட்டு அரசு மேற்பார்வை மட்டும் பார்த்தால் போதாதா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வீடு சமாதானபுரம் பக்கம். பாளையங்கோட்டை மத்திய சிறையின் மதிலைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறார். "அண்ணாச்சி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜெயிலைக் கம்பெனிகள் நடத்துகின்றன. அரசு தரத்தை மட்டும் எழுதிக் கொடுத்து மேற்பார்வை பார்க்கிறது. நம் பாளை ஜெயிலையும் அப்படி விட்டால் என்ன? அங்கெல்லாம் அந்த மேற்பார்வை எப்படி நடக்கிறது?" என்று கேட்டார்.

முதலில் சட்ட நிலவரம். இந்தியாவில் தனியார் நடத்தும் சிறை ஒன்றுகூடக் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சிறை மாநிலப் பட்டியலில் வருகிறது. மாற்றுவதென்றால் மாநில அரசுதான் சட்டம் கொண்டுவர வேண்டும். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அவர் கேட்டது மேற்பார்வையைப் பற்றி. அதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் இருக்கிறது. சிறையில் இல்லை, தணிக்கையில்.

பணியில் இருந்த காலத்தில் நம் மாவட்டத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். காவல் வேலையைத் தனியார் ஏஜென்சிக்கு விட்டிருந்தார்கள். ஒரு ஷிப்டுக்கு 16 பேர், மூன்று ஷிப்ட். பகலில் மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எல்லாம் சுத்தமாக இருந்தது, ஒரு நாள் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஆடி மாதக் கொடைக்குக்கூட லீவு போடாத 48 பேரைத் திருநெல்வேலி சீமையில் எங்கே பிடித்தார்கள்? சாப்பிட்டுவிட்டு ராத்திரி பதினொன்றரைக்குப் போய் நின்றேன். கேட்டில் இருவர், உள்ளே ஏழு பேர், ஆக ஒன்பது பேர். நோட்டைக் கேட்டேன். அன்று ராத்திரிக்கு 16 கையெழுத்து இருந்தது. மறுநாள் காலை ஷிப்டுக்கும் 16 கையெழுத்து தயாராக இருந்தது. எல்லாம் ஒரே நீல மை.

மாதா மாதம் பில்லில் 'சேவை திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான். "சார், திருப்தி இல்லை என்று எழுதினால் அவன் நாளைக்கே ஆளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நாளை மறுநாள் கேட்டில் நானா நிற்பது?" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. தனியார் சிறைகளைப் பற்றிப் பின்னாளில் எதைப் படித்தாலும் எனக்கு அந்த மனிதரின் முகம்தான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. அந்த மாநிலத்தின் மிகப் பெரிய சிறையை கரெக்ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி நடத்தியது. 1983இல் தொடங்கிய கம்பெனி, இந்தத் தொழிலுக்கே மூத்தது, 2016இல் கோர்சிவிக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. உள்ளே அடிதடி அவ்வளவு அதிகம் என்பதால் கைதிகளே அந்தச் சிறைக்கு 'கிளாடியேட்டர் பள்ளி' (சண்டை வீரர் பள்ளி) என்று ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். குறைந்தது இத்தனை காவலர்களை நிறுத்துவோம் என்று கம்பெனி 2011இல் சமரசத்தில் ஒப்புக்கொண்டது. அப்புறம் 2013இல், முந்தைய வருடம் ஏழு மாதத்தில் சுமார் 4,800 மணி நேரக் காவல் பணியைப் பொய்யாகப் பதிவு செய்திருந்ததைக் கம்பெனியே ஒத்துக்கொண்டது. ஆளே இல்லாத இடத்தில் ஆள் நின்றதாகப் பதிவேட்டில் இருந்தது. ஒரே காவலர் 24 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்ததாகக்கூட எழுதியிருந்தார்கள். நீதிமன்ற அவமதிப்பு என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். கம்பெனி 10 லட்சம் டாலர் கட்டியது. 2014 ஜூலையில் மாநிலமே சிறையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரம் எழுதப்பட்டிருந்தது, எண்ணிக்கைகூட எழுதப்பட்டிருந்தது. மாநில அரசின் கண்காணிப்பாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததோ கம்பெனி எழுதிய நோட்டு. தனியார் சிறையில் லாபம் முக்கியமாக ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது. ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கும். கட்டடம் அப்படியே இருக்கும், சோற்றில் ரொம்பக் கைவைக்க முடியாது, கைவைத்தால் கலவரம் வரும். ஆள் சம்பளத்தில்தான் மிச்சம் பிடிக்கலாம். ஆளைக் குறை, கிடைக்கிற ஆளுக்குக் குறைந்த சம்பளம் கொடு, பயிற்சியைச் சுருக்கு. ஆகவே எந்த மேற்பார்வையும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நேரத்தில், இந்த பிளாக்கில், உண்மையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத்தான். கட்டடத்துக்கு வெள்ளையடித்திருக்கிறதா, யோகா வகுப்பு நடக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016 ஆகஸ்டில் ஒரு அறிக்கை வெளியிட்டது. கூட்டாட்சி அரசுக்காகத் தனியார் நடத்திய 14 சிறைகளை அரசுச் சிறைகளோடு ஒப்பிட்டார்கள். பாதுகாப்பு சம்பந்தமான பெரும்பாலான இனங்களில் தனியார் சிறைகள் மோசம். கள்ளத்தனமாக உள்ளே வந்த செல்போன்கள் எட்டு மடங்கு பிடிபட்டன. ஒன்றிரண்டு விஷயத்தில் தனியார் பரவாயில்லை என்பதையும் அதே அறிக்கை சொன்னது, அதையும் மறைக்கக்கூடாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. அரசுக் கண்காணிப்பாளர்கள் கையில் வைத்திருந்த சரிபார்ப்புப் பட்டியலையே அந்த அறிக்கை குறை சொன்னது. கைதிக்கு அடிப்படை மருத்துவம் உண்மையில் கிடைத்ததா என்று போய்ப் பார்க்கும்படி அந்தப் பட்டியலில் சொல்லவே இல்லை. பட்டியலில் இல்லாததை எந்த அதிகாரி பார்ப்பார்? நானும் பட்டியல் வைத்து வேலை பார்த்தவன்தான், எனக்குத் தெரியும்.

அந்த அறிக்கைக்குப் பிறகு நடந்தது அரசியல். 2016 ஆகஸ்டிலேயே ஒபாமா அரசு, தனியார் சிறை ஒப்பந்தங்களைப் படிப்படியாகக் குறைப்போம் என்றது. 2017 பிப்ரவரியில் அடுத்த அரசு அதை ரத்து செய்தது. 2021 ஜனவரியில் பைடன் மறுபடி நிறுத்தச் சொன்னார். 2022 நவம்பரில் கூட்டாட்சிச் சிறைத்துறையின் கடைசி ஒப்பந்தம் முடிந்தது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் அந்த உத்தரவை நீக்கினார். குடியேற்றத் துறையின் தடுப்பு முகாம்கள் பைடன் உத்தரவில் சேரவே இல்லை, அங்கே பெரும்பாலும் கம்பெனிகள்தான். ஆட்சி மாறினால் தரமும் மாறும் என்றால் அதை நம்பி எந்த அதிகாரி கம்பெனியிடம் கறாராக நிற்பார், சொல்லுங்கள்.

இங்கிலாந்து முறைதான் காகிதத்தில் நல்ல முறை. தம்பி தேர்வில் எழுதுவதென்றால் இதை எழுதலாம். 1991ஆம் வருடச் சட்டப்படி தனியார் சிறை ஒவ்வொன்றிலும் கம்பெனியின் இயக்குநர் ஒருவர், அவருக்குப் பக்கத்திலேயே அரசு ஊழியரான கண்ட்ரோலர் ஒருவர். ஒப்பந்தத்தைக் கண்காணிப்பது இவர் வேலை. கைதிகளோடு நேரில் வேலை பார்க்கும் காவலர் ஒவ்வொருவரும் அரசிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், அரசு அதைப் பறிக்கலாம். இயக்குநரின் கையை மீறி நிலைமை போனால் அரசு தன் ஆளை உள்ளே அனுப்பிச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் மேலே சிறைகளின் தலைமை ஆய்வாளர் என்று ஒருவர். அவர் சிறைத்துறைக்குக் கீழே வருகிறவர் இல்லை. சொல்லாமல் வருவார். அரசுச் சிறை, தனியார் சிறை இரண்டுக்கும் ஒரே அளவுகோல். அறிக்கையை ஊருக்கே வெளியிடுவார். அது போக, உள்ளூர்ப் பொதுமக்களைக் கொண்ட கண்காணிப்புக் குழு சிறைக்குச் சிறை உண்டு.

முதல் தனியார் சிறை 1992இல் வோல்ட்ஸ் என்ற இடத்தில் திறந்தது. 2011இல் அரசு நடத்திக்கொண்டிருந்த பர்மிங்காம் சிறையை ஜி4எஸ் கம்பெனியிடம் கொடுத்தார்கள். இயங்கிக்கொண்டிருந்த அரசுச் சிறை தனியாருக்குப் போனது அங்கே அதுதான் முதல் தடவை. 2016 டிசம்பரில் பெரிய கலவரம். 2018 ஆகஸ்டில் தலைமை ஆய்வாளர் பீட்டர் கிளார்க் திடீர்ச் சோதனைக்குப் போனார். தரையில் ரத்தமும் வாந்தியும் கிடந்தன, எலிப் புழுக்கை இருந்தது, போதைப்பொருள் வாடை. கைதிகளுக்குப் பயந்து சில காவலர்கள் அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஊழியர்களின் கார் நிறுத்துமிடத்தில் நின்ற வண்டிகளுக்கு யாரோ தீ வைத்தார்கள். அவசர அறிவிப்பு என்ற அதிகாரத்தைப் பயன்படுத்தி அவர் அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சில நாளில் அரசு சிறையை எடுத்துக்கொண்டது. 300 கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றி, 30 அதிகாரிகளைக் கூடுதலாகப் போட்டது. 2019இல் நிரந்தரமாகவே திரும்பிவிட்டது. கம்பெனி 99 லட்சம் பவுண்டு கொடுத்துக் கணக்கை முடித்தது.

கிளார்க் தன் கடிதத்தில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. இவ்வளவு தூரம் கெட்டுப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்த அரசு ஆட்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற தொனியில் கேட்டிருந்தார். அதே மதிலுக்குள், அதே கேண்டீனில் டீ குடித்துக்கொண்டு, தினமும் முகம் பார்க்கிறவர் தவறை எழுதமாட்டார், எழுதவும் பயப்படுவார். கண்டுபிடித்தது வெளியிலிருந்து வந்தவர். அவருக்கு ஒப்பந்தத்தில் பங்கு இல்லை, அது தோற்றால் தலை உருளும் பயமும் இல்லை.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான். புளூம்ஃபான்டைன் பக்கத்தில் மங்காவுங் சிறை, 2001இலிருந்து ஜி4எஸ் நடத்தியது. 2022 மே மாதம் தனி அறையில் ஒரு ஆயுள் கைதி தீக்குளித்து இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். கரிக்கட்டையாக ஒரு உடல். பல மாதம் கழித்துத்தான், ஒரு செய்தி நிறுவனம் விடாமல் துருவியதில், அது அவன் உடல் இல்லை என்று தெரிந்தது. வேறு யாரோ ஒருவர், தீ பிடிக்கும் முன்பே இறந்துபோனவர். கைதி ஜோகன்னஸ்பர்க்கில் சொகுசாக வாழ்ந்துகொண்டிருந்தான். 2023 ஏப்ரலில் தான்சானியாவில் பிடித்தார்கள். பிணத்தை உள்ளே கொண்டுவரவும் ஆளை வெளியே விடவும் உதவியதாகக் கம்பெனி ஊழியர்களும் கைதானார்கள். அரசுக் கண்காணிப்பு அந்தச் சிறைக்கும் இருந்தது. 2013இலேயே ஒரு தடவை அரசு நிர்வாகத்தை எடுத்து, அடுத்த வருடம் கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்திருந்தது.

ஏன் திருப்பிக் கொடுக்கிறார்கள்? 'சேவை திருப்திகரம்' என்று எழுதிய அந்த அதிகாரி சொன்ன பதில்தான்: நாளை மறுநாள் கேட்டில் யார் நிற்பது? ஒப்பந்தம் பதினைந்து, இருபத்தைந்து வருடத்துக்குப் போடப்படுகிறது. அதற்குள் அரசிடம் அந்த வேலை தெரிந்த ஆட்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். புதிதாக எடுக்கப் பணியிடமே இருக்காது. ஒப்பந்தத்தை ரத்து செய்வேன் என்ற மிரட்டல் அப்போது வெறும் வாய்வார்த்தை. கம்பெனிக்கும் அது தெரியும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் கிங்மனில் இது இன்னும் கேவலமாக முடிந்தது. தனியார் சிறையிலிருந்து 2010 ஜூலையில் மூன்று பேர் கம்பியை வெட்டித் தப்பினார்கள். வெளியிலிருந்து ஒரு பெண் வெட்டுக்கருவியை உள்ளே வீசிக் கொடுத்திருந்தாள். வேலியில் அலாரம் இருந்தது. காரணமில்லாமல் அது அடித்துக்கொண்டே இருந்ததால் காவலர்கள் கண்டுகொள்வதையே விட்டுவிட்டார்கள். தப்பியவர்கள் பக்கத்து மாநிலத்தில் ஒரு வயதான தம்பதியைக் கொன்றார்கள். மாநில அரசு கோபப்பட்டு, ஓட்டைகளை அடைக்கும்வரை ஆபத்தான கைதிகளை அங்கிருந்து எடுத்தது, புதிதாக ஆள் அனுப்புவதையும் நிறுத்தியது. சரியான நடவடிக்கைதானே? கம்பெனி ஒப்பந்தத்தை எடுத்து நீட்டியது. சிறையில் 97 சதவீதம் இடம் எப்போதும் நிரம்பியிருக்கும் என்று அரசு உறுதி கொடுத்திருந்தது. காலியாகக் கிடந்த படுக்கைக்காக அரசு 30 லட்சம் டாலர் கொடுத்தது. தப்பு செய்தவனுக்குத் தண்டனைக்குப் பதில் நஷ்டஈடு. 2015இல் அங்கே கலவரங்கள் வெடித்த பிறகுதான் அந்தக் கம்பெனியை வெளியேற்றினார்கள்.

பில் விஷயத்தில் ஒன்று சொல்லாமல் விட்டால் பழைய தணிக்கைக்காரனுக்குத் தூக்கம் வராது. இங்கிலாந்தில் குற்றவாளிகளின் காலில் மின்னணுப் பட்டை கட்டிக் கண்காணிக்கும் ஒப்பந்தம் செர்கோ, ஜி4எஸ் இரண்டிடமும் இருந்தது. ஊரை விட்டே போனவர்கள், மறுபடி ஜெயிலுக்குப் போனவர்கள், ஏன், செத்துப்போனவர்களின் பெயரில்கூட பில் போட்டிருந்தது 2013இல் வெளியானது. செர்கோ 6.85 கோடி பவுண்டும் ஜி4எஸ் சுமார் 10.9 கோடி பவுண்டும் திருப்பிக் கட்டின. நம் ஊர் மஸ்டர் ரோலில் செத்தவர் வேலை பார்ப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். லண்டனிலும் பார்க்கிறார்கள்.

மேற்பார்வை செய்யும் நாற்காலியையே விலைக்கு வாங்கிய கதையும் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் சிறைத்துறை ஆணையராக இருந்த கிறிஸ் எப்ஸ், சிறை ஒப்பந்தங்களுக்காக லஞ்சம் வாங்கி, 2017இல் கிட்டத்தட்ட 20 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். இதற்கு விளக்கம் தேவையில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். அரசு ஜெயில் என்றால் மட்டும் ஒழுங்கா என்று தம்பி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தது கம்பெனி இல்லை, சர்க்கார். கப்பல் கம்பெனி நடத்தியவர் அவர்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு, ரிமாண்டு செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்து, அங்கிருந்து மருத்துவமனைக்குப் போய் அடுத்தடுத்து இறந்தார்கள். நடுவில் எத்தனை மேற்பார்வைப் படிகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள்: மருத்துவச் சான்று, மாஜிஸ்திரேட், சிறை நுழைவுப் பரிசோதனை. ஒவ்வொன்றையும் காகிதம் தாண்டிப் போனது. 2021 ஏப்ரலில் பாளை மத்திய சிறைக்குள்ளேயே ஒரு விசாரணைக் கைதி மற்ற கைதிகளால் கொல்லப்பட்டார். எல்லாம் அரசு நடத்தியவை.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்குப் போலீஸ் ஒத்துழைக்கவில்லை என்றதும், மதுரை உயர்நீதிமன்றக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்க உத்தரவிட்டது. தாசில்தார்கள் போய் உட்கார்ந்தார்கள். இப்படி இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. இது எப்படிச் சாத்தியமானது? நோட்டு, கேமரா, ஆள், கட்டடம் எல்லாமே அரசினுடையது, ஒப்பந்தத்தைக் காட்டி யாரும் மறிக்கவில்லை. கம்பெனியிடம் இருந்திருந்தால் முதலில் வணிக ரகசியம் என்பார்கள், அப்புறம் நடுவர் மன்றம் என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் அந்தத் தகவல் எங்களிடம் இல்லை என்று துறை பதில் எழுதும். அமெரிக்காவில் தனியார் சிறைக் கம்பெனிகளுக்குத் தகவல் சுதந்திரச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பது ரொம்ப நாள் சண்டை.

நம்மிடம் தனியார் சிறை இல்லைதான். ஆனால் தனியார் காவலில் மனிதர்களை அடைத்து வைப்பது நமக்குப் புதிதா என்ன? ராமநாதபுரம் ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் நம்பிக் கொண்டுபோய் விடுகிற ஊர் அது. லைசென்ஸ் வாங்க வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்கிற மனநலச் சட்டம் 1987லேயே வந்திருந்தது. சட்டம் இருந்தது, தர அளவுகோல் இருந்தது, போய்ப் பார்க்க ஆள் இல்லை. பீகார் முசாபர்பூரில் தொண்டு நிறுவனம் ஒன்று அரசுப் பணத்தில் நடத்திய பெண் குழந்தைகள் காப்பகத்திலும் இதே கதை. அதிகாரிகள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு சமூகத் தணிக்கைக்குப் போய், பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் அங்கே நடந்த கொடுமை 2018இல் வெளியே வந்தது.

தனியாக உட்கார வைத்துப் பேசுவது என்றேனே, அது ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளிலேயே இருக்கிறது. 2015இல் ஏற்றுக்கொள்ளப்பட்டவை, மொத்தம் 122 விதிகள். 83ஆவது விதி இரண்டு அடுக்கு ஆய்வு கேட்கிறது: ஒன்று சிறைத்துறையின் உள் ஆய்வு, இன்னொன்று அதைச் சாராத வெளி ஆய்வு. அடுத்த விதி, சொல்லாமல் போகலாம், எந்தப் பதிவேட்டையும் பார்க்கலாம், கைதியிடம் காவலர் இல்லாமல் பேசலாம் என்கிறது. 74ஆவது விதி இன்னும் ஒரு படி போய், சிறை ஊழியர்கள் பணிப் பாதுகாப்புள்ள அரசு ஊழியர் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. தனியார் சிறையை ஆதரிப்பவர்கள் அந்த விதியை வேகமாகப் புரட்டிவிட்டுப் போவார்கள்.

இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2009 நவம்பரில் இந்த விவாதத்தையே வேறு பக்கம் கொண்டுபோனது. பீர்ஷெபா பக்கத்தில் கட்டியிருந்த தனியார் சிறைக்கான சட்டத்தை ரத்து செய்தது. தரம் நன்றாக இருந்தாலும் சரி, லாபத்துக்கு நடக்கும் கம்பெனி ஒரு மனிதனை அடைத்து வைப்பதே அவன் சுதந்திரத்தையும் மானத்தையும் கெடுக்கிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு உண்டு. ஆனால் தத்துவம் பேசாமல் தணிக்கைக் கணக்காகவே பார்த்தாலும் நான் அதே இடத்துக்குத்தான் வருகிறேன். எண்ணிப் பார்க்கக்கூடிய வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம். மூடிய கதவுக்குள், குரல் வெளியே கேட்காத ஆள் மேல் நடக்கும் வேலையை விட்டால் எண்ணுவதற்குச் சாட்சியே இருக்காது.

அப்படியானால் எதை விடலாம்? பிரான்சில் 1987 முதல் ஒரு பாதி வழி வைத்திருக்கிறார்கள். சமையல், சலவை, பராமரிப்பு, கைதிகளுக்கு வேலை ஏற்பாடு இவை தனியாரிடம். சாவி, காவல், தண்டனை, பதிவேடு இவை அரசிடம். நம் தமிழ்நாட்டிலும் சிறைத்துறை எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து கைதிகளை வைத்துப் பெட்ரோல் பங்க் நடத்துகிறது, பாளையிலும் இருக்கிறது. பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறவர் ஒவ்வொருவரும் அங்கே ஒரு பார்வையாளர்தான். அந்த மாதிரி வெளிச்சத்தில் நடக்கிற வேலைக்குக் கூட்டு வைத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. கைதியின் கூலி ஒழுங்காகக் கணக்கில் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சமையலை விடுகிறபோதும் எடையைக் குடோனில் பார்க்கக்கூடாது, தட்டில் பார்க்க வேண்டும்.

ஒருவேளை ஒரு அரசு பிடிவாதமாக முழுச் சிறையையும் விடத்தான் போகிறது என்றால், ஒப்பந்தத்தில் நான் தேடுவது சில வரிகளைத்தான். இத்தனை சதவீதம் நிரப்பித் தருவோம் என்ற வரி இருந்தால் அந்த இடத்திலேயே கிழித்துப் போடலாம். நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள்: 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள். அவர்களுக்கு ஜாமீன் கிடைத்தால் கம்பெனிக்கு நஷ்டம் என்கிற ஏற்பாட்டை யார் செய்வார்கள்? அப்புறம், காவலர் வருகையைக் கம்பெனி நோட்டில் எழுதக்கூடாது, அரசு இயந்திரத்தில் பதிய வேண்டும். பில்லுக்குச் சான்று தருகிறவரும் ஆய்வு செய்கிறவரும் ஒரே துறையில் இருக்கக்கூடாது. ஆய்வறிக்கை இத்தனை நாளில் வெளியாக வேண்டும் என்று தேதி போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு வாரத்தில் சிறையைத் திரும்ப எடுத்து நடத்துகிற அளவுக்குப் பயிற்சி பெற்ற சொந்த ஆட்களை அரசு சும்மா வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டினால் தனியார் சிறை மலிவு என்ற வாதம் அங்கேயே படுத்துவிடும். எந்த டெண்டர் ஒப்பீட்டிலும் அந்தச் செலவைப் போடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இருக்கிற அரசுச் சிறைக்கே நம் சட்டத்தில் வெளிப் பார்வையாளர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மாவட்ட நீதிபதி, ஆட்சியர் போன்றோர் பதவி வழியில். அவர்களோடு அலுவல் சாராத பார்வையாளர்களாகப் பொதுமக்களிலிருந்தும் அரசு நியமிக்கலாம். 2015இல், காவல் மரணங்கள் தொடர்பான டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் இப்படிப் பார்வையாளர்களை நியமிப்பதைப் பரிசீலிக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும், நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். சமாதானபுரத்தில் மனு போட்டுவிட்டு வேப்பமர நிழலில் பையோடு காத்திருக்கிற அம்மாக்களிடம் கேட்டால், இதில் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தம்பி தேர்வு எழுதி அதிகாரியாகி எந்தத் துறைக்குப் போனாலும், முதலில் அந்த வரிசையில் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டு வரட்டும். உள்ளே சாப்பாடு எப்படி, வைத்தியம் எப்படி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் எந்த ஆய்வறிக்கையையும்விட அங்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

அந்த 16 கையெழுத்து விவகாரம் என்ன ஆனது என்று கேட்டால்: நான் ஆட்சேபனை எழுதினேன், குறைந்த ஆட்களுக்கான தொகையைப் பில்லில் பிடித்தம் செய்தார்கள், ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வருடம் வேறொரு பெயரில் வேறொரு ஏஜென்சிக்கு டெண்டர் கிடைத்தது. மறு தணிக்கைக்குப் போனபோது கேட்டில் அதே சூப்பர்வைசர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். புது நோட்டை அவரே எடுத்து நீட்டினார். ஒரு நாள்கூட யாரும் லீவு இல்லை. மை மட்டும் இந்தத் தடவை மூன்று நிறத்தில் இருந்தது.